அண்டை வீட்டுக்குக் கேட்காத காற்று

வீட்டுப் பட்டறைக்கு ஏர் கம்ப்ரசர் வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் இரண்டு கேள்வி கேட்பார்: எத்தனை எச்.பி., எத்தனை லிட்டர் டேங்க். எவ்வளவு சத்தம் போடும் என்ற பேச்சு வருவதே இல்லை. வாங்குகிறவரும் கேட்பதில்லை, விற்கிறவரும் சொல்வதில்லை. இன்று நான் வாதிட வந்தது இதைப் பற்றித்தான். வீட்டோடு ஒட்டிய பட்டறையில் சத்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கக் கூடாது. காற்றழுத்தம், காற்றளவு ஆகியவற்றோடு சேர்த்து முதல் நாளே தீர்மானிக்க வேண்டிய மூன்றாவது அளவு அது. அப்படித் தீர்மானித்தால், பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போகும் பிரிட்ஜ் கம்ப்ரசர் பல சின்ன வேலைகளுக்குப் போதுமான, சத்தமில்லாத காற்று எந்திரம் ஆகும். குழாயை மாற்றிப் பொருத்தினால் அதுவே வேக்கம் பம்பும் ஆகும். அது எந்த வேலைக்கு ஆகாது என்பதையும் சேர்த்தே சொல்வேன். ஏனென்றால், இதைக் கட்டிப் பார்த்துக் கைவிட்டவர்கள் பெரும்பாலும் எந்திரத்தால் ஏமாறவில்லை; அதனிடம் எதிர்பார்த்ததால் ஏமாந்தார்கள்.

இந்த வாதம் எல்லா ஊருக்கும் பொருந்தும் என்றாலும், தருமபுரிக்கு இதில் தனிக் காரணம் உண்டு. பழைய சேலம் மாவட்டத்திலிருந்து 1965 அக்டோபர் 2 அன்று பிரிந்தது இந்த மாவட்டம். 2004-இல் கிருஷ்ணகிரி தனியாகப் போனபோது ஓசூரும் அதன் தொழிற்பேட்டைகளும் அதோடு போயின. மிஞ்சிய தருமபுரியில் 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் 15 லட்சம். அவர்களில் ஐந்தில் நால்வருக்கு மேல் கிராமத்தில் இருக்கிறார்கள். பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் அரூரிலும் தொழில் என்பது சுற்றுச்சுவரும் வாட்ச்மேனும் உள்ள வளாகத்துக்குள் நடப்பதைவிட, தெருப் பக்கத்து அறையிலும் மாட்டுக்கொட்டகையை ஒட்டி இறக்கிய தகரச் சார்பிலும் நடப்பதுதான் அதிகம். பஞ்சர் கடையின் பின்சுவரே வீட்டின் படுக்கையறைச் சுவராக இருக்கும். தச்சுப் பட்டறைக்கும் பள்ளிக்கூடப் பிள்ளை படிக்கிற இடத்துக்கும் நடுவே ஒற்றைக் கல் கனச் சுவர்தான். அதே 2011 கணக்கெடுப்பில், தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் இதுதான்: நூற்றுக்கு 68.5. சாயங்காலம் ஏழு மணிக்குப் புத்தகத்தைத் திறக்கிற பிள்ளைக்கு இந்த மாவட்டத்தில் கூடுதல் மதிப்பு உண்டு என்று நான் நினைக்கிறேன். அந்தப் பிள்ளையின் காதுக்கும் பக்கத்துப் பட்டறையின் கம்ப்ரசருக்கும் நடக்கிற போட்டியில் யார் ஜெயிக்கிறார் என்பது சின்ன விஷயம் இல்லை.

சட்டமும் இதைப் பற்றிப் பேசியிருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குக் காலை 6 முதல் இரவு 10 வரை 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. தொழிற்பகுதிக்குப் பகலில் 75. மோட்டாரையும் பம்ப்பையும் நேராகக் கோத்த, ஆயில் இல்லாத சின்ன கம்ப்ரசர் ஒன்று ஒரு மீட்டர் தொலைவில் சாதாரணமாக 80 டெசிபெலைத் தாண்டும். டெசிபெல் கணக்கில் பத்து கூடினால் ஒலி ஆற்றல் பத்து மடங்கு. முப்பது கூடினால் ஆயிரம் மடங்கு. 85-க்கும் 55-க்கும் உள்ள வித்தியாசத்தை ஏதோ பாதிக்குப் பாதி என்று நினைத்துக்கொண்டு, மேலே ஒரு சாக்கைப் போட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இங்கே ஒரு தவறான வாதத்தையும் ஒதுக்கிவிட வேண்டும். இது என் பக்கத்து வாதம்தான் என்றாலும். சத்தம் போடுகிற எந்திரம் கரண்ட்டை வீணாக்குகிறது, சத்தத்தைக் குறைத்தால் பில் குறையும் என்று சிலர் சொல்வார்கள். அப்படியெல்லாம் இல்லை. 90 டெசிபெல் ஒலித்திறன் என்பது ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு எச்.பி. மோட்டார் இழுப்பதோ எழுநூற்றைம்பது வாட்டுக்கும் மேல். காது கிழிகிற சத்தம் மீட்டரில் தெரியவே தெரியாது. அதனால்தான் அது நீடிக்கிறது. பட்டறைக்காரருக்குச் செலவு வைத்திருந்தால் அவரே எப்போதோ சரிசெய்திருப்பார். செலவை ஏற்பது பக்கத்து வீடு. பல வருஷம் கழித்து, பட்டறைக்காரரின் சொந்தக் காது. ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல், அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபெலுக்கும் நேரம் பாதி என்பது அமெரிக்கத் தொழில் நலவியல் நிறுவனமான நயோஷ் பரிந்துரைக்கும் அளவு. 91 டெசிபெலில் இரண்டு மணி நேரம்தான் கணக்கு.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் எதைச் செய்வது என்று தெரியும். பிஸ்டன் கம்ப்ரசரில் பெரிய சத்தம் பிஸ்டன் இருக்கும் இடத்தில் இல்லை, காற்று உள்ளே போகிற வாயில் இருக்கிறது. ஒவ்வொரு இழுப்புக்கும் வால்வு தகடு திறந்து காற்றைக் கவ்வுகிறது. அந்தக் கவ்வல் வெளிக்காற்றில் அடியாக விழுகிறது. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இரண்டு துருவ மோட்டார் நிமிஷத்துக்கு 2850 சுற்று அளவில் ஓடும். அதாவது வினாடிக்கு 47, 48 அடி. அடுத்தது தகடுகளின் டக்டக். அதற்கடுத்தது டேங்க்: மெல்லிய இரும்பு உருளையின் தலையில் பம்ப்பைப் போல்ட் போட்டு இறுக்கினால், அந்த உருளை முழுவதும் ஒலிபெருக்கி ஆகிவிடும். பிறகு தரை, தரையிலிருந்து சுவர், சுவரிலிருந்து தகரக் கூரை. கம்ப்ரசர் நிற்கும்போது பிரஷர் சுவிட்ச் விடுகிற ‘புஸ்’ என்ற மூச்சு, தூங்குகிற குழந்தையை எழுப்பப் போதும். இந்த வரிசையைக் கவனித்தால், மரப்பெட்டி செய்து மூடுவது ஏன் பாதிப் பலன்கூடத் தருவதில்லை என்று புரியும். கீச்சொலியைப் பெட்டி தடுக்கும். 48 ஹெர்ட்ஸ் அடி பிளைவுட்டை ஊடுருவிப் போய்விடும். கூடவே தருமபுரிச் சித்திரை வெயிலில் பெட்டிக்குள் மாட்டிய மோட்டார் வெந்து, ஓவர்லோடு விழுந்து நிற்கும். காற்று போக ஓட்டை போட்டால் சத்தமும் அந்த வழியே வெளியே வரும். சத்தத்தைப் பிறந்த பிறகு பிடிப்பதைவிடப் பிறக்காமல் பார்த்துக்கொள்வது மேல்.

பிறக்காமல் பார்த்துக்கொண்ட எந்திரம் ஒன்று ஏற்கெனவே நம் வீட்டுச் சமையலறையில் நிற்கிறது. ஆரம்ப கால வீட்டு பிரிட்ஜ்களில் மோட்டார் வெளியே, பம்ப் வேறாக, நடுவே பெல்ட். தண்டு நுழையும் இடத்தில் கேஸ் கசியும். சத்தமும் பொறுக்க முடியாது. மோட்டார், பம்ப், ஆயில் மூன்றையும் ஒரே இரும்புக் கூட்டில் போட்டுப் பற்றவைத்து மூடிவிடும் வழியை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் கிறிஸ்டியன் ஸ்டீன்ஸ்ட்ரப் முதலானோர் வளர்த்தெடுக்க, 1927-இல் அது சந்தைக்கு வந்தது. இந்தியாவில் கோத்ரெஜ் பிரிட்ஜ் செய்யத் தொடங்கியது 1958-இல். இன்று பாகலஹள்ளி வீட்டிலும் மொரப்பூர் வீட்டிலும் இரவு முழுவதும் ஓடுகிற பிரிட்ஜுக்குப் பக்கத்தில் பாயை விரித்துத் தூங்குகிறோம்; அதன் சத்தம் 40 டெசிபெல் அளவில்தான். கூட்டை அறுத்துப் பார்த்தால் காரணம் தெரியும். மோட்டாரும் பம்ப்பும் சேர்ந்த கட்டி மூன்று நான்கு சுருள்வில்லின் மேல் உட்கார்ந்திருக்கும், கூட்டை எங்கேயும் இறுக்கமாகத் தொடாது. வெளியேறும் கேஸ் வளைத்து வளைத்து விட்ட மெல்லிய குழாய் வழியே போகும். அந்தக் குழாயே ஒரு வில். இழுக்கும் வாயில் சின்னஞ்சிறு சைலன்சர். வேகம் அதே 2850 சுற்றுதான். ஆனால் ஒவ்வொரு அடியும் சிறியது, வெளியே கேட்கும் முன் மூன்று இடத்தில் தடுக்கப்படுகிறது. வீட்டுக்குள் வைக்கிற எந்திரம் என்று முதல் கோட்டிலேயே முடிவு செய்து வரைந்ததால் வந்த பலன் இது.

ஆனால் எடைக்கு வருகிற எல்லா பிரிட்ஜ் கம்ப்ரசரும் பட்டறைக்கு உதவிவிடாது. கம்ப்ரசர் கெட்டு மாற்றிய பிரிட்ஜிலிருந்து வந்தது கெட்ட கம்ப்ரசர்தான். பாடி துருப்பிடித்தோ உள்பைப் லீக் ஆகியோ எடைக்குப் போட்ட பிரிட்ஜில் கம்ப்ரசர் பெரும்பாலும் நன்றாக இருக்கும். அதைத் தேட வேண்டும்.

இனி முதல் ஆட்சேபத்துக்கு வருகிறேன்: இதில் காற்று போதாது என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் அடிக்கு 5 சி.சி. கொள்ளும் பம்ப் நிமிஷத்துக்கு 2850 அடி அடித்தால் 14 லிட்டர். அழுத்தம் ஏற ஏற இது 10 லிட்டருக்கு இறங்கும். ஒரு எச்.பி. பெல்ட் கம்ப்ரசர் இதைப்போல எட்டுப் பத்து மடங்கு தரும். கார் பாடிக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கிற கன் நிமிஷத்துக்கு நூறு, இருநூறு லிட்டர் கேட்கும். பிரிட்ஜ் கம்ப்ரசரால் அதற்கு மூச்சு விடவும் முடியாது. சரிதான். ஆனால் வீட்டுப் பட்டறையில் தினசரி நடப்பது என்ன? பைக் டயருக்கு 30 பாயிண்ட் காற்று, அதாவது சுமார் 2 பார். சிற்பத்துக்கும் பொம்மைக்கும் நகைப் பெட்டிக்கும் வண்ணம் பூசுகிற ஏர் பிரஷ், நிமிஷத்துக்குப் பத்துப் பதினைந்து லிட்டர். தையல் எந்திரத்திலும் செல்போன் போர்டிலும் தூசி ஊதுவது. மரச் சட்டத்துக்குச் சின்ன ஆணி அடிக்கிற கன், ஒரு ஆணிக்கு ஒரு மூச்சு. இவற்றுக்கு வேண்டியது இடைவிட்டுக் கிடைக்கிற சேமித்த காற்று. 25 லிட்டர் டேங்க்கை 4 பாருக்கு நிரப்ப வெளிக்காற்று நூறு லிட்டர் வேண்டும். பத்து நிமிஷத்தில் நிரம்பிவிடும். அந்தப் பத்து நிமிஷம் பட்டறைக்காரர் வேறு வேலை பார்க்கலாம், ஏனென்றால் அது அவரைத் தொந்தரவு செய்யாது. மெதுவாக நிரம்புவதைக் குறை என்று சொல்பவர்கள், சத்தத்தின் காரணமாக எந்திரத்தைச் சீக்கிரம் நிறுத்த வேண்டியிருந்த பழக்கத்திலிருந்து பேசுகிறார்கள். தகடூர் எனப்பட்ட நம் தருமபுரி வட்டாரத்தில் இரும்பு உருக்கிய பழைய உலைகளுக்கும் தோல் துருத்திதான் காற்று தந்தது. அழுத்தம் சொற்பம், காற்று நிறைய. அந்த வேலைக்கு அதுதான் தேவை. தேவைக்கு மேல் அழுத்தம் கேட்பது நம் காலத்துப் பழக்கம்.

4 பார் என்று நான் சொல்வதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. இரண்டாவது ஆட்சேபத்துக்கான பதிலும் அதுதான்: இந்தக் கம்ப்ரசர் காற்றுக்காகச் செய்யப்பட்டதில்லையே, சூடாகிச் சீக்கிரம் போய்விடாதா? போகும், அசட்டையாக இருந்தால். பிரிட்ஜில் ஓடும் குளிரூட்டி வாயுவின் மூலக்கூறு பெரியது. நசுக்கினாலும் அவ்வளவு சூடேறாது. காற்று அப்படி இல்லை. 30 டிகிரி காற்றை வெப்பம் வெளியேறாதபடி நசுக்கினால், கேஜில் 4 பார் வரும்போது கோட்பாட்டுக் கணக்கில் 200 டிகிரியைத் தாண்டும். 7 பாரில் 270-ஐத் தாண்டும். நிஜத்தில் சுவர்கள் வழியே வெப்பம் இறங்குவதால் இவ்வளவு இருக்காது. ஆனால் திசை அதுதான். அந்தச் சூட்டில் ஆயில் கருகி வால்வு தகட்டில் கரியாகப் படியும். மேலும் பிரிட்ஜில் குளிர்ந்த கேஸ் திரும்பி வந்து மோட்டாரைத் தணிக்கும். இங்கே அந்தத் தணிப்பு இல்லை. ஆகவே அழுத்தத்தைத் தாழ வைக்க வேண்டும்; பத்து நிமிஷம் ஓடினால் அதே அளவு ஓய்வு தர வேண்டும்; கூட்டின் மேல் காற்றடிக்கச் சின்ன ஃபேன் ஒன்று வைக்க வேண்டும். கையை வைத்தால் எடுக்க வேண்டியிருக்கிறது என்றால் நிறுத்திவிட வேண்டும். ஆயில் காற்றோடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். உள்ளே இருப்பதே கால் லிட்டர் அளவு என்பதால், வெளிவந்ததைப் பிடித்து அளந்து அவ்வளவைத் திரும்ப ஊற்ற வேண்டும். ஆயில் பிரிப்பான் இல்லாமல் பெயின்ட் அடித்தால், பெயின்ட் ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகி நிற்கும். மூச்சுக்காற்றுக்கோ சாப்பாட்டுப் பொருளுக்கோ இந்தக் காற்று எந்த நாளும் ஆகாது.

இன்னொரு குணம், மெக்கானிக்குகளுக்கு நன்றாகத் தெரிந்தது: இந்த மோட்டாருக்கு எதிர் அழுத்தத்தில் கிளம்பத் தெரியாது. பிரிட்ஜை அணைத்த உடனே போட்டால் ‘ம்ம்’ என்று முனகி ஓவர்லோடு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். சாயங்கால லோ வோல்டேஜில் இது இன்னும் மோசம். அதனால் டேங்க்குக்கு முன்னால் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. கம்ப்ரசருக்கும் அந்த வால்வுக்கும் நடுவில் உள்ள காற்றை, நின்றதும் வெளியே விடும் வசதியோடு கூடிய பிரஷர் சுவிட்ச். இந்த இரண்டையும் சேர்க்காமல் கட்டிய எந்திரம் முதல் தடவை நிரம்பும், இரண்டாம் தடவை கிளம்பாது. முன்பு சொன்ன ‘புஸ்’ இந்த இடத்தில்தான் வருகிறது. அந்த வாயில் நுண்துளைப் பித்தளை சைலன்சர் ஒன்றைத் திருகிவிட்டால் அந்தச் சத்தமும் அடங்கும்.

நிறுத்தி வைக்கிற விதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இங்கேதான் பலர் காசைப் போட்டும் பலன் காண்பதில்லை. அடியில் லாரி டயர்த் துண்டு போட்டுவிட்டேன், அதிர்வு போகவில்லையே என்பார்கள். ரப்பர் இருப்பது போதாது. எந்திரத்தின் பாரத்தில் அது அமுங்க வேண்டும். எவ்வளவு அமுங்குகிறது என்பதை அளந்தாலே அது எவ்வளவு அதிர்வைத் தடுக்கும் என்று சொல்லிவிடலாம். வினாடிக்கு 48 அடிக்கிற எந்திரத்துக்கு, அதன் மூன்றில் ஒரு பங்கான 16-இல் ஆடுகிற தாங்கி வேண்டும். அதற்கு ரப்பர் ஒரு மில்லிமீட்டர் அமுங்கினால் போதும், அதிர்வில் எட்டில் ஒரு பங்குதான் கீழே இறங்கும். லாரி டயர்த் துண்டு பத்துக் கிலோ கம்ப்ரசருக்கு மயிரிழைகூட அமுங்காது. மென்மையான ரப்பர் புஷ்ஷில் ஒரு கடப்பாக் கல்லை வைத்து, கல்லின் மேல் கம்ப்ரசரை அதன் சொந்த ரப்பர் காலோடு நிறுத்தினால் தரைக்கு ஒன்றும் போகாது. டேங்க்கின் மேல் போல்ட் போடவே கூடாது; டேங்க் தனியாக, நடுவே வளைத்துவிட்ட ஹோஸ். இதே கணக்கை மெதுவாக ஓடுகிற பெரிய பெல்ட் கம்ப்ரசருக்குப் போட்டால் வேறு விடை வரும். நிமிஷத்துக்கு 720 சுற்று என்றால் வினாடிக்கு 12 அடி. அதைத் தடுக்கத் தாங்கி 15 மில்லிமீட்டருக்கு மேல் அமுங்க வேண்டும். ரப்பர் அதற்கு உதவாது, ஸ்பிரிங்தான் வேண்டும். மெதுவாக ஓடுவது காதுக்கு நல்லது, தரைக்குக் கடினம். உறிஞ்சும் வாய்க்கு, நாலு இஞ்ச் பி.வி.சி. பைப் துண்டு ஒன்றின் இரு முனையையும் மூடி, மெல்லிய குழாயை ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் எடுத்து, உள்ளே கொஞ்சம் ஸ்பாஞ்ச் அடைத்தால் நல்ல சைலன்சர். இந்தப் பக்கம் வெளிக்காற்றின் அழுத்தம்தான் என்பதால் பி.வி.சி. தாங்கும். அதே பைப்பை அழுத்தம் உள்ள பக்கத்தில் டேங்க்காகவோ லைனாகவோ போட்டால், என்றாவது ஒரு நாள் கண்ணாடிச் சில்லாகச் சிதறும்.

வேக்கம் பம்ப் பக்கம் வருவோம். காற்றை நசுக்குவதும் காற்றை வெளியேற்றுவதும் ஒரே எந்திரத்தின் இரண்டு வாய். ஜெர்மனியின் ஓட்டோ ஃபான் கெரிக்கே 1650-களில் இரண்டு செப்பு அரைக்கோளங்களைச் சேர்த்து உள்ளிருந்த காற்றை இழுத்து, குதிரைகளால் பிரிக்க முடியாமல் காட்டியதும் வால்வு வைத்த பிஸ்டன் பம்ப்பால்தான். நம் ஊர் ஏ.சி., பிரிட்ஜ் மெக்கானிக்குகள் இதைப் பாடமாகப் படிக்காமலே செய்துவந்தவர்கள். பழைய பிரிட்ஜ் கம்ப்ரசருக்குக் கைப்பிடி பற்றவைத்து, ஒரு பக்கக் குழாயால் லைனை வேக்கம் எடுப்பார்கள், மறுபக்கக் குழாயால் காற்றடித்து லீக் பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் வீட்டுக் கையால் கட்டிய அமைதியான வேக்கம் பம்ப் எது என்று கேட்டால், இதைவிடப் பரவலான உதாரணம் இல்லை. பிரிட்ஜ் பராமரிப்புப் பயிற்சியில் இந்தப் பழக்கத்தை விடச் சொல்வார்கள்; அதுவும் நியாயமே. ஒரு ஏ.சி. லைனை ஈரம் போக வறட்ட, உள்ளே மிஞ்சும் அழுத்தம் 500 மைக்ரான், அதாவது பாதரச அளவில் அரை மில்லிமீட்டருக்குக் கீழே வர வேண்டும். 30 டிகிரியில் தண்ணீரே 32 மில்லிமீட்டரில் கொதித்துவிடும். பிரிட்ஜ் கம்ப்ரசரால் சில பத்து மில்லிமீட்டருக்குக் கீழே போக முடிவது அரிது. எனவே ஏ.சி. வேலைக்கு இரண்டு கட்ட ரோட்டரி பம்ப்தான் சரி.

ஆனால் மரவேலைக்காரருக்கு 500 மைக்ரான் எதற்கு? வெனீர் ஒட்டும்போது பிளாஸ்டிக் பைக்குள் பலகையை வைத்துக் காற்றை இழுத்தால், வெளிக்காற்று நாற்புறமும் ஒரே சீராக அழுத்தும். முக்கால் பங்கு காற்றை எடுத்தாலே ஓரடிக்கு ஓரடிப் பலகையின் மேல் அறுநூறு கிலோவுக்கு மேல் பாரம். எத்தனை கிளாம்ப் போட்டாலும் இந்தச் சீர் வராது. எபாக்ஸி ரெசினில் உள்ள குமிழி எடுப்பதற்கும், கிளாம்ப் போட முடியாத மெல்லிய தகட்டை உறிஞ்சிப் பிடித்து வேலை செய்வதற்கும் இவ்வளவே போதும். இங்கே தருமபுரிக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேக்கம் கேஜில் 760 வரை எண் போட்டிருக்கும். நம் ஊர் கடல் மட்டத்துக்கு நானூற்றைம்பது மீட்டர் அளவில் உயரத்தில் இருப்பதால் நம்மேல் உள்ள காற்றே 720 மில்லிமீட்டர் அளவுதான். முள் 690-இல் நின்றால் பம்ப் கெட்டுவிட்டது என்று கழற்ற வேண்டாம். இருந்ததில் பெரும்பகுதியை அது எடுத்துவிட்டது. அதே சமயம், வேக்கம் எடுக்கும்போது கம்ப்ரசரின் கூடு முழுவதுமே வெற்றிடம் ஆவதால் மோட்டார் சுருளைத் தணிக்க வாயுவே இராது. மணிக்கணக்கில் ஓட விடாமல், வேண்டிய அளவு வந்ததும் நிறுத்தி, வால்வு மூடிப் பிடித்து வைக்க வேண்டும். பால் கறக்கும் எந்திரத்துக்கு இதை மாட்டலாமா என்று மாடு வைத்திருப்பவர்கள் கேட்கலாம். கூடாது. அதற்கு வேண்டியது ஆழமான வேக்கம் இல்லை, காம்பு கப்புகள் வழியே விடாமல் கசியும் காற்றை ஈடுகட்டும் அளவு. அது இந்தச் சின்ன பம்ப்பிடம் இல்லை.

நம் ஊரில் யார் சத்தத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள், மாரியம்மன் பண்டிகை ஸ்பீக்கரைவிடவா என்று ஒருவர் கேட்கக்கூடும். பண்டிகை வருஷத்துக்குச் சில நாள். அது எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று ஊருக்கே தெரியும். பிரஷர் சுவிட்ச் எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. எதிர்பாராமல் அதிரும் சத்தம்தான் அதிகம் எரிச்சலூட்டுகிறது. யாரும் புகார் சொல்லவில்லை என்பதும் ஆதாரம் ஆகாது. பக்கத்து வீட்டுக்காரர் சித்தப்பாவாகவோ மாமனாகவோ இருந்தால் வாயைத் திறக்காமல் பொறுத்துக்கொள்வார். வேறு ஏதோ வரப்புத் தகராறில்தான் அது வெளியே வரும். அப்போது பட்டறையே நிற்கும்.

கடைசியாக, ஆபத்தைப் பற்றிய ஆட்சேபம். இதற்கு நான் பதில் சொல்லி மறுக்கப் போவதில்லை, முழுதாக ஒப்புக்கொள்கிறேன். கம்ப்ரசரின் லேபிளைப் படிக்காமல் குழாயை வெட்டக் கூடாது. பழையதில் ஆர்-12 இருந்தால் அது ஓசோனை அரிப்பது. இந்தியா அதன் உற்பத்தியை 2008-இல் நிறுத்தியது. ஆர்-134ஏ என்றால் அது ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்கும். ஆர்-600ஏ என்றால் அது ஐசோபியூட்டேன், சமையல் கேஸின் உறவு. கேஸ் வெல்டிங் சுடரால் குழாயைப் பிரித்தால் தீப்பிடிக்கும். எதுவாக இருந்தாலும் கேஸை மெக்கானிக்கைக் கொண்டு எடுத்துவிட்டு, டியூப் கட்டரால் மட்டும் வெட்ட வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து டேங்க். 25 லிட்டரில் 4 பார் என்பது நூறு கிலோ மூட்டையைப் பத்து மீட்டர் உயரத்திலிருந்து போட்ட ஆற்றல். 8 பார் என்றால் முப்பது மீட்டர். அழுத்தம் இரட்டித்தால் ஆபத்து மூன்று மடங்காகிறது. 4 பாரில் நிறுத்துவதற்கு இது இரண்டாவது காரணம். வீட்டு எல்.பி.ஜி. சிலிண்டரை வெட்டி டேங்க் ஆக்குவது வேண்டவே வேண்டாம்: அது எண்ணெய் நிறுவனத்தின் சொத்து, உள்ளே மிஞ்சிய கேஸ் வெல்டிங்கில் உயிரை வாங்கும். தொப்பூர் கணவாயில் இறங்குகிற லாரியின் பிரேக் அழுத்தப்பட்ட காற்றை நம்பித்தான் இருக்கிறது; அந்தப் பிரேக் டேங்குகள் 8 பார் அளவுக்குச் செய்யப்பட்டவை. பழைய லாரியிலிருந்து கழற்றிய டேங்க் நல்ல தேர்வுதான், ஆனால் தினம் தண்ணீர் வடிக்காத லாரியின் டேங்க் உள்ளே துருவேறி மெலிந்திருக்கும். வெளியே பெயின்ட் பளபளப்பதைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. நம் கம்ப்ரசரிலும் அதே கதைதான். 30 டிகிரியில் அறுபது சதவீத ஈரம் உள்ள ஒரு கன மீட்டர் காற்றை 7 பாருக்கு நசுக்கி ஆறவிட்டால் 14 கிராம் தண்ணீர் டேங்க்கின் அடியில் தேங்கும். 4 பாரில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

இவ்வளவு பாடு எதற்கு, கடையில் ‘சைலன்ட்’ என்று விற்கிறார்களே, அதை வாங்கினால் ஆயிற்று என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கோயம்புத்தூரில் எல்ஜி நிறுவனம் 1960-இலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறது. தமிழ்நாட்டில் நல்ல கம்ப்ரசருக்குப் பஞ்சம் இல்லை. நாள் முழுக்கப் பெயின்ட் அடிக்கிறவர், பஞ்சர் கடை வைத்திருக்கிறவர், நிமிஷத்துக்கு இருபது லிட்டருக்கு மேல் வேண்டுகிறவர் எவரும் பிரிட்ஜ் கம்ப்ரசரைத் தொட வேண்டாம். வாங்குங்கள், ஆனால் கடையிலேயே ஓட்டச் சொல்லி, ஒரு மீட்டர் தள்ளி நின்று செல்போன் ஒலிமானியிலாவது அளந்து பார்த்துவிட்டு, இரண்டு மாடலை ஒப்பிட்டு வாங்குங்கள். செல்போன் துல்லியமில்லை என்றாலும் எது கூட, எது குறைவு என்று சொல்லும். ஐ.டி.ஐ.யில் ஏ.சி. பிரிவில் படிக்கிற தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். கம்ப்ரசர், ரிலே, வால்வு எல்லாம் பழையதாக இருக்கட்டும். டேங்க் பழையதென்றால் மட்டும், காற்று ஏற்றுவதற்கு முன் ஒரு குமிழிகூட இல்லாமல் தண்ணீர் நிரப்பி, பிளம்பர் வைத்திருக்கும் கை டெஸ்ட் பம்ப்பால் 8 பாருக்கு ஏற்றி அரை மணி நேரம் வையுங்கள். முள் இறங்கினாலோ எங்காவது வியர்த்தாலோ அதை எடைக்குப் போட்டுவிடுங்கள். தாங்கினால் 5 பாரில் திறக்கும் சேஃப்டி வால்வு ஒன்றைப் புதிதாக வாங்கி மாட்டுங்கள்; அதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.